பச்சைத் தோலுக்கு என்ன விலை?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்துக்குள் போனால் சத்தமே இருக்காது. ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று யாரும் கூவ மாட்டார்கள். ஆளுக்கொரு கணினியின் முன்னால் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். விற்பனைக்கு வந்த ஒவ்வொரு சரக்கிலிருந்தும் கொஞ்சம் காயை மாதிரிக்கு எடுத்து, பொட்டலமாக்கி அவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். வியாபாரி அதைத் தட்டில் கொட்டுவார். விரலால் பரப்பிப் பார்ப்பார். நிறம் நல்ல பச்சையா? காய் பருமனா? தோலில் சொறி இருக்கிறதா? வாய் பிளந்திருக்கிறதா? பார்த்த கையோடு கணினியில் விலையைத் தட்டிவிடுவார். கொஞ்ச நேரத்தில் அடுத்த பொட்டலம் வந்துவிடும். 2007ஆம் ஆண்டிலிருந்து இப்படித்தான், மின்னணு ஏலம். நறுமணப் பொருள்கள் வாரியம் இதை மேற்பார்வை பார்க்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் புற்றடி என்ற ஊரிலும் இதேபோல ஏலம் உண்டு.

வியாபாரி பார்த்ததில் முக்கால்வாசி தோல்தான் என்பதைக் கவனித்தீர்களா? ஆனால் ஏலக்காயில் மணம் இருப்பது தோலிலா?

வீட்டில் ஒரு காய் கிடைத்தால் உரித்துப் பாருங்கள். உள்ளே மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் கறுத்த சிறு விதைகள் ஒட்டிக்கொண்டு வரிசையாக இருக்கும். தோலைத் தனியே முகருங்கள். பிறகு இரண்டு விதையை நசுக்கி முகருங்கள். வித்தியாசம் மூக்குக்கே தெரியும். 100 கிராம் விதையில் மணமுள்ள எண்ணெய் ஆறேழு கிராம் இருக்கும். 100 கிராம் தோலில் ஒரு கிராம்கூடத் தேறாது. அந்த எண்ணெயில் முக்கியமானவை இரண்டு: சினியோல், டெர்பினைல் அசிடேட். முதலாவதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சளி பிடித்தால் ஆவி பிடிக்கும்போது வீட்டில் போடுகிற நீலகிரித் தைலத்தின் வாசமும் அதே சினியோல்தான். விதையைக் குளிர்ச்சியாகவும் இனிப்பாகவும் மணக்க வைப்பது இரண்டும் சேர்ந்த கலவை.

அப்படியானால் தோலின் பச்சைக்கு ஏன் இத்தனை மரியாதை? அதற்கு அரபிக் கடலைத் தாண்டிப் போக வேண்டும்.

சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் விருந்தாளி வந்தால் ‘கஹ்வா’ என்ற காபியைத் தருவார்கள். நம் ஃபில்டர் காபி மாதிரி கறுப்பாகவும் பாலோடும் இருக்காது. லேசாக வறுத்த கொட்டை, அதோடு தாராளமாக ஏலக்காய். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். ஏலக்காய் கூடினால் விருந்தாளிக்கு மதிப்புக் கூடியது என்று அர்த்தம். அது நல்ல ஏலக்காய் என்று பார்த்ததும் தெரிய வேண்டுமே! பச்சை நிறம்தான் அதற்குச் சாட்சி. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் நிற்கும் பருமனான பச்சைக் காய்க்கு வளைகுடாச் சந்தையில் தனி விலை.

பழியை முழுக்க அவர்கள்மேல் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் விளையும் ஏலக்காயில் பெரும்பகுதியை நாமே தின்றுவிடுகிறோம். தீபாவளிக்கு முன்னால் வடநாட்டு மிட்டாய்க் கடைகள் வாங்கும் அளவு கொஞ்சமா? ஆனால் எது ‘நல்ல காய்’ என்ற அளவுகோலை ஏற்றுமதிதான் வெகுகாலம் எழுதி வைத்தது. இப்போது நம் ஊர் மளிகைக் கடையிலும் அதே அளவுகோல்தான். இன்னொரு வேடிக்கை: ஐரோப்பாவின் சில நாடுகளுக்கு ஒரு காலத்தில் வெள்ளை ஏலக்காய்தான் பிடித்தது. அவர்களுக்காகக் கந்தகப் புகை காட்டி, இருந்த பச்சையையும் வெளுத்து அனுப்பினார்கள். காய் அதேதான். கேட்கிறவரின் கண்ணுக்கு ஏற்ற மாதிரி அதன் சட்டையை மாற்றினார்கள்.

பச்சையைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அது வேதியியல். இலையிலும் காயிலும் இருக்கும் பச்சையம் என்ற மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை பச்சை பளிச்சென்று இருக்கும். அமிலமும் சூடும் சேர்ந்தால் மெக்னீசியம் வெளியே போய், அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிடும். நிறம் மங்கிய பழுப்பாகிவிடும். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கிண்ணங்களில் கொஞ்சம் கீரையை வேக விடுங்கள். ஒன்றில் புளித்தண்ணீர், மற்றதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா. பத்து நிமிடத்தில் புளி போட்ட கீரை பழுப்புக்குத் திரும்பும். சோடா போட்டது ஓவியம் தீட்டிய மாதிரி பச்சையாக நிற்கும். (சோடாவால் சத்து கெடும், ஆகவே அதைச் சாப்பிட வேண்டாம்.) கீரையை மூடி போடாமல் வேக வை என்று பாட்டி சொல்வதும் இதற்காகத்தான். கீரையிலிருந்து கிளம்பும் அமில ஆவி வெளியே போய்விட வேண்டும்.

மலையில் ஏலக்காய்க்கும் இதையே செய்கிறார்கள். பறித்து வந்த காயைக் கழுவி, நூற்றுக்கு இரண்டு பங்கு சலவைச் சோடா கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப் போடும் வழக்கம் உண்டு. சோடா காரத்தன்மை உள்ளது. அமிலத்தை அடக்கி மெக்னீசியத்தை இடத்தில் இருக்க வைக்கும். பிறகு ஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்லும் உலர்த்தும் கட்டடம். உள்ளே தட்டுத் தட்டாகக் காயைப் பரப்பி, கீழே குழாய் வழியாகச் சூடான காற்றை விடுவார்கள். 45லிருந்து 50 டிகிரி செல்சியசைத் தாண்டாமல் ஓர் இரவும் அரைப் பகலுமாகக் காய வேண்டும். சூடு மீறினால் காய் வாய் பிளக்கும், எண்ணெய் பறந்துவிடும். வெயிலில் போட்டால் காசு மிச்சம். ஆனால் ஒளி பச்சையத்தைத் தின்றுவிடும், காய் வெளிறிப்போகும். காய்ந்ததும் கறுப்புப் பாலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டி இருட்டில் வைப்பார்கள். அதற்கும் காரணம் ஒளிதான்.

ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும். மீதி நாலு கிலோ தண்ணீர். அதை விரட்டப் பெரும்பாலும் விறகுதான் எரிகிறது. காட்டு மர நிழலை நம்பி வளரும் செடி. அதன் காயின் நிறத்தைக் காப்பாற்ற மரத்தை எரிக்க வேண்டியிருக்கிறது!

இன்னொன்றும் உண்டு. காய் செடியிலேயே நன்றாகப் பழுத்தால் தோல் மஞ்சளாகும். ஆகவே முற்றியும் பழுக்காத பருவம் பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. ஒரு மாதம், நாற்பது நாளுக்கு ஒரு சுற்று என்று திரும்பத் திரும்ப வந்து, முற்றினதை மட்டும் தேர்ந்து எடுக்க வேண்டும். எந்த இயந்திரத்துக்கும் இந்தக் கண் இல்லை. இருப்பது பறிக்கும் பெண்களுக்கு.

இஞ்சியும் மஞ்சளும் ஏலச்செடியும் ஒரே குடும்பம். ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும். ஆனால் காய் மேலே தொங்காது. அடித்தூரிலிருந்து சரம் கிளம்பி, தரையோடு தரையாகப் படர்ந்து, அதில்தான் பூவும் காயும். ஆகவே பறிக்கிறவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் இருக்க வேண்டும். அறுவடை மும்முரம் ஆகஸ்டில் தொடங்கும், அது மழைக்காலம். தலையில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டை கடி, இடுப்பில் காய் போடும் பை.

அந்தப் பெண்கள் மலையில் குடியிருப்பவர்கள் மட்டும் இல்லை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று மலையடிவாரத்திலுள்ள கம்பம் பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பும். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக மலையேறி, மாநில எல்லையைத் தாண்டி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்று சட்டம் ஒரு கணக்குச் சொல்லும், கூலியும் தூரமும் வேறொரு கணக்குச் சொல்லும். கொண்டை ஊசி வளைவுகளில் விபத்துச் செய்தி வராத ஆண்டு குறைவு. அம்மா நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டுப் போனால், தங்கச்சியைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவது ஆறாவது படிக்கும் அக்காவின் வேலையாகிவிடும். 2020இல் கொரோனா ஊரடங்கில் எல்லையை மூடியபோது இந்த ஜீப்புகள் நின்றன. கீழே கூலி நின்றது, மேலே வேலை நின்றது.

ஏன் இத்தனை பேர் மலையேற வேண்டும்? பள்ளத்தாக்கிலேயே ஏலச்செடியை நட்டால் என்ன? நட்டால் வளராது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்திலிருந்து வந்து மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடும். இந்தப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் மிச்சம் இருக்காது. கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. 1895இல் திறந்த முல்லைப் பெரியாறு அணைதான் மேற்கே ஓடிய தண்ணீரைச் சுரங்கம் வழியே இந்தப் பக்கம் திருப்பி, இங்கே நெல்லும் திராட்சையும் வாழையும் விளைய வைத்தது. ஏலத்துக்கோ மழையும் வேண்டும், குளிரும் வேண்டும், மேலே மரக்கூரையும் வேண்டும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு டிகிரி வாக்கில் குறையும். மேலே பருவத்துக்கு வேலை இருக்கிறது, கீழே வேலை தேடும் கைகள் இருக்கின்றன. நடுவில் நிற்பது ஒரு மலைச்சரிவும் ஒரு மாநில எல்லையும். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. வேலைக்குப் போகும் பாதை மட்டும் மாறவில்லை.

இனி, ஏலக் கூடத்தில் வியாபாரி தோலில் தேடிய அந்தச் சொறிக்கு வருவோம்.

ஏலச்செடியில் இலைப்பேன் என்று ஒரு பூச்சி உண்டு. நீளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. இலை உறைக்குள்ளும் பூவுக்குள்ளும் பதுங்கி, இளங்காயின் தோலைக் கீறிச் சாற்றை உறிஞ்சும். காய் வளர வளர அந்தக் கீறல் தக்கை மாதிரித் தடித்துச் சொறியாகும். தாக்குதல் கடுமையாக இருந்தால் காய் சிறுத்து எடை குறையும், மணமும் குறையும். விவசாயிக்கு உண்மையான நட்டம்தான். ஆனால் லேசாகச் சொறி விழுந்த காயின் விதைக்குப் பெரிய கெடுதல் இல்லை. விலை மட்டும் விழுந்துவிடும். தட்டில் கொட்டினதும் கண்ணில் படுவது அதுதானே? இது தவிர தண்டையும் காயையும் துளைக்கும் புழு ஒன்றும் உண்டு. ஆகவே மருந்தடிப்பு. செடி ஆண்டில் பல மாதம் பூத்தும் காய்த்தும் நிற்பதால் மருந்தும் பல மாதம். சில தோட்டங்களில் ஆண்டுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கிறார்கள்.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன நடக்கும்? ஆயிரம் இலைப்பேனில் 995 செத்து, ஐந்து பிழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தும் மருந்தைத் தாங்கும் தன்மை உள்ளவை. அடுத்த தலைமுறை அந்த ஐந்தின் பிள்ளைகள். பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் மருந்தில் செத்திருக்கும், ஆகவே பிள்ளைகளைப் பிடிக்க ஆளில்லை. அடுத்த முறை மருந்தைக் கூட்ட வேண்டும், அல்லது வேறு மருந்துக்கு மாற வேண்டும். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு போடிமெட்டுக்கு மேலே ஒரு பருவத்துக்குள் நடந்துகாட்டுகிறது.

மருந்து ஆள் பார்த்துக் கொல்வதில்லை. ஏலப்பூ வெள்ளையாக, நடு இதழில் ஊதாக் கோடுகளோடு இருக்கும். விடியலுக்கு முன்பே விரியத் தொடங்கி, அன்றைக்கே வாடிவிடும். அதன் ஆயுள் ஒரே பகல். பூவின் சூல்முடி மகரந்தப் பைக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டு நிற்பதால் தானாக மகரந்தம் ஒட்டாது. தேனீ வந்து, தலையை உள்ளே விட்டு, முதுகில் ஒட்டிய மகரந்தத்தை மேலே தேய்த்தால்தான் காய். அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும் கொசுத் தேனீயும் இந்த வேலையைக் கூலி இல்லாமல் செய்கின்றன. தேனீ வராதபடி வலை போட்டு மூடிய பூக்களில் காய் பிடிப்பது மிகவும் குறைவு. காலையில் மருந்தடித்தால் பூவோடு தேனீயும் போய்விடும், அதனால் மதியத்துக்கு மேல் அடியுங்கள் என்று வேளாண் அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் மழைமாதத்தில் மதியத்துக்கு மேல் மழை வருமே, அடித்த மருந்து கழுவிப் போகுமே என்பது தோட்டக்காரரின் கவலை. இரண்டும் நியாயம்தான்.

இப்போது ஒரு கணக்கு. மருந்து பச்சைக் காயின்மேல் படிகிறது. காய் காய்ந்தால் தண்ணீர் போகும், மருந்தில் பெரும்பகுதி தங்கும். ஐந்து கிலோவில் இருந்தது ஒரு கிலோவுக்குள் சுருங்குகிறது. சூட்டில் கொஞ்சம் சிதைந்தாலும், தக்காளியையோ வாழைப்பழத்தையோவிட உலர்ந்த மசாலாப் பொருளில் மருந்தின் செறிவு ஏறுவதற்கு இது ஒரு காரணம். வாங்கும் நாடுகள் இதற்கு எல்லை வைத்திருக்கின்றன. தனியாக எல்லை குறிக்காத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பொது எல்லை, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது பத்து டன் ஏற்றிய லாரிகள் பத்தை வரிசையாக நிறுத்தி, அத்தனையிலும் சேர்ந்து ஒரு கிராம். வேதியியல் கருவிகள் அதையும் கண்டுபிடித்துவிடும். சாற்றில் கலந்துள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறு எடையையும் அளந்து பேர் சொல்லிவிடும். 2018 வாக்கில் சவூதி அரேபியா, மருந்து எச்சம் இருக்கிறது என்று இந்திய ஏலக்காய்ச் சரக்குகளைத் திருப்பியது, ஏற்றுமதி சரிந்தது. சொறி இல்லாத தோல் வேண்டும் என்றதும் சந்தைதான், அந்தத் தோலை அப்படி வைத்திருந்த மருந்து கூடாது என்றதும் அதே சந்தைதான்.

குடிக்கிறவரின் கிண்ணத்தில் விழும் துளிக்கு இத்தனை கருவி இருக்கிறது. மருந்து கலக்கும் கைக்கு? குயினால்பாஸ் போன்ற மருந்துகள் ஆர்கனோ பாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை. நம் நரம்பு தசையிடம் ‘சுருங்கு’ என்று சொல்ல அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அனுப்பும். வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து அதைத் துடைத்துவிடும். இந்த மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. துடைக்க ஆளில்லாமல் தகவல் ஒலித்துக்கொண்டே இருக்கும். பூச்சி வலிப்பு வந்து சாகும். நமக்கும் பூச்சிக்கும் அந்த நொதி பொது! ஆகவே மருந்தில் நனைந்த சட்டையோடு வேலை செய்கிறவருக்குத் தலைவலி, வாந்தி, கண்மணி சுருங்குதல், அதிகமானால் மூச்சுத்திணறல். தோல் வழியாகவே உள்ளே போகும். கையுறையும் முகமூடியும் போடச் சொல்லி டப்பாவில் படம் இருக்கும். மழையிலும் புழுக்கத்திலும் அதைப் போட்டுக்கொண்டு சரிவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏன் பலர் கழற்றி வைக்கிறார்கள் என்று. மருந்தடித்த மறுநாளே பறிக்க அனுப்பினால் பெண்களின் விரல் நேராக அந்தத் தோலில்தான் படும்.

கேரளத்தின் வடக்கே காசர்கோட்டில், முந்திரித் தோப்புகளில் பல ஆண்டுகள் வானூர்தியிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்கே பிள்ளைகள் பலர் பிறவிக் குறைபாடுகளோடு பிறந்த துயரத்தையும், 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அந்த மருந்தைத் தடை செய்ததையும் உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அது தனிக் கதை.

ஏலமலைக்குத் திரும்புவோம். பழைய நாட்டு ஏலம் காட்டுக்குள் மர நிழலில் அமைதியாக இருந்தது, விளைச்சலும் குறைவு. 1980களின் கடைசியில் கட்டப்பனைப் பக்கம் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி, தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடியைத் தேர்ந்து பெருக்கி, ‘ஞள்ளானி’ என்ற ரகத்தைக் கொண்டுவந்தார். காய் பருமன், பச்சை, பல மடங்கு விளைச்சல். பல்கலைக்கழகம் செய்ய வேண்டியதை ஒரு விவசாயி செய்தார், எனக்கு அதில் பெருமைதான். இன்று இடுக்கியில் எங்கே பார்த்தாலும் ஞள்ளானி. ஆனால் அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், தண்ணீரும் உரமும் கூடுதலாக வேண்டும். ஆகவே மரக்கிளைகளை வெட்டி நிழலைக் குறைத்தார்கள். விதையிலிருந்து வளர்க்காமல் தூரைப் பிரித்து நடுவதால் மலை முழுக்க ஏறக்குறைய ஒரே செடியின் நகல்கள். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்க முடியும்.

நிழல் குறைந்தால் மண் சூடாகும், ஈரம் சீக்கிரம் போகும், பெருமழையில் துளிகள் இலைகளில் தடுக்காமல் நேரே மண்ணை அடிக்கும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கியில் எங்கும் நிலச்சரிவு. ஏலத்தோட்டங்கள் பல மண்ணோடு போயின. 2024 கோடையில் நேர் எதிர்: வெப்பமும் வறட்சியும் சேர்ந்து செடிகள் காய்ந்து நின்றன. இரண்டுக்கும் ஏலக்காய் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது அறிவியல் ஆகாது. பருவநிலை மாறுகிறது, சாலை, கட்டடம், கல்குவாரி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. மரக்கூரை அடர்த்தியாக இருக்கும் இடத்தில் வெள்ளத்தையும் வறட்சியையும் செடி தாங்கும் வலு கூடுதலாக இருக்கும் என்பது மட்டும் உறுதி.

வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு விலையைப் பாருங்கள். காய் குறைந்ததால் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7000 ரூபாய்க்குப் போனது! ஆசையில் எல்லாரும் புதிதாக நட்டார்கள். 2022இல் அதே காய் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே கிடந்தது. விலை அத்தனை ஏறினபோது பறிக்கிறவரின் கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை.

இந்த ஆட்டத்தில் இன்னொரு ஆட்டக்காரர் இருக்கிறார்: குவாத்தமாலா. உலக வரைபடத்தில் மெக்சிகோவுக்குத் தெற்கே தேடுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் அங்கே ஏலத்தைக் கொண்டுபோய் நட்டார். இன்று உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு அதுதான். மலைச்சரிவில் விளைவிப்பவர்கள் பெரும்பாலும் மாயா பழங்குடிச் சிறு விவசாயிகள். அவர்கள் சமையலில் ஏலக்காய்க்கு வேலையே இல்லை. பாயசமும் இல்லை, கஹ்வாவும் இல்லை. தாங்கள் தின்னாத ஒன்றை விளைவித்து, மக்காச்சோளமும் அவரையும் வாங்கும் காசுக்கு வளைகுடாவின் விலையை எதிர்பார்த்திருக்கிறார்கள். அங்கே மழை பொய்த்தால் போடியில் விலை ஏறும். அங்கே விளைச்சல் குவிந்தால் போடியில் முகங்கள் வாடும். கோம்பையில் ஜீப் ஏறும் பெண்ணும் குவாத்தமாலாவில் கூடை சுமக்கும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் ஒருவரின் வாரக்கூலி இன்னொருவரின் மழையோடு கட்டப்பட்டிருக்கிறது.

மாற்று இல்லாமல் இல்லை. பூச்சி எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் மருந்து. அதுவரை காய்ந்த இலை உறைகளை நீக்குவது, பூச்சியைத் தாக்கும் பூஞ்சைகளைத் தெளிப்பது. இதையெல்லாம் இடுக்கி மைலாடும்பாறையில் 1978 முதல் இருக்கும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையமும் சொல்லிக்கொடுக்கின்றன. மருந்து எச்சத்தைச் சோதித்துத் தேறிய காய்க்குத் தனி ஏலம் நடத்தியும் நறுமணப் பொருள்கள் வாரியம் பார்த்திருக்கிறது. என் கருத்து, தட்டில் கொட்டும் பொட்டலத்தோடு அந்தச் சோதனைச் சீட்டும் சேர்ந்து வந்தால் வியாபாரியின் கண் தோலைவிட்டுக் கொஞ்சம் நகரும். ஆனால் சோதனைக்கு ஆகும் செலவை ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி தலையில் கட்டினால் அது நடக்காது. கூடுதல் விலை கொடுப்பவர் யாராவது இருக்க வேண்டும்.

மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கினாலும் தோல் நம்மை விடாது. கம்பம், சின்னமனூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரிலும் ஆழ்குழாய்த் தண்ணீரிலும் ஜி-9 என்ற வாழை விளைகிறது. வளைகுடாவுக்குப் போகும் வாழை இதுதான். தார் விட்டதும் அதற்குப் பாலித்தீன் உறை மாட்டிவிடுவார்கள். இங்கேயும் இலைப்பேன் தோலைக் கீறக்கூடாது, இலை உரசிக் கோடு விழக்கூடாது. வெட்டிய தாரைத் தரையில் வைக்காமல் பஞ்சு மெத்தையில் சாய்த்து, சீப்புச் சீப்பாகப் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் பால் போகக் கழுவி, 13 கிலோ பிடிக்கும் அட்டைப் பெட்டியில் அடுக்குவார்கள். உறை மாட்டியதால் மருந்து குறைந்தது, நல்லதுதான். கழற்றிய உறைகள் வாய்க்கால் ஓரம் பறக்கின்றன; அது நல்லதில்லை. தோலில் மச்சம் விழுந்த சீப்பு பெட்டியில் ஏறாது. அதைத் தள்ளுவண்டியில் வைத்துத் தேனி பேருந்து நிலையத்தில் விற்பார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். விலை குறைவு, பழத்தில் குறை ஒன்றும் தெரியாது. ருசி என்று கேட்டால் என் ஓட்டு மட்டும் கற்பூரவள்ளி வாழைக்குத்தான்.